ஸ்டுட்கார்ட்டில் முதல் மூன்று மாதம்: தபால் பெட்டியில் தொடங்கும் ஜெர்மன் பாடம்

வேலை உத்தரவு வந்தாச்சு. பாஸ்போர்ட்டில் விசா ஏறியாச்சு. பி1 சான்றிதழும் ஃபைலில் பத்திரமா இருக்கு. இப்படி ஸ்டுட்கார்ட் கிளம்பத் தயாரா இருக்கிற நர்ஸ், பொறியாளர், அவங்களோட போகப்போற கணவன் அல்லது மனைவி, இவங்களுக்கான பாடம் இது. பிள்ளையை அனுப்பிவிட்டு இங்கே போனைப் பார்த்துக்கிட்டே இருக்கிற அப்பா அம்மாவும் படிக்கலாம். "லெட்டர் ஏதாவது வந்துச்சா?" என்று நீங்க அங்கே கேட்க வேண்டிய கேள்வி எவ்வளவு முக்கியம் என்பது புரியும்.

ஸ்டுட்கார்ட் என்பது பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநிலத்தின் தலைநகர். 6 லட்சம் பேருக்கு மேல் வாழும் ஊர். மெர்சிடிஸ்-பென்ஸ், போர்ஷே இரண்டுக்கும் தலைமையகம் இங்கேதான், போஷ் பக்கத்திலேயே. பெரிய ஆஸ்பத்திரிகளும் நிறைய. இந்தக் கட்டுரையில் வரும் சட்ட விதிகள் ஜெர்மனி முழுக்கப் பெரும்பாலும் ஒன்றுதான். பழக்கவழக்கமும் பேச்சும்தான் ஊருக்கு ஊர் மாறும். அதனால்தான் ஒரே ஊரை எடுத்துக்கொண்டு பேசுவோம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிடலாம். வகுப்பில் நீங்க படித்த ஜெர்மன், ரயில் நிலையத்தில் வழி கேட்கவும் உங்க பொழுதுபோக்கைப் பற்றிச் சொல்லவும் உதவும். முதல் மூணு மாசத்தில் உங்களைத் தேடி வரப்போகும் ஜெர்மன் வேற. அது அலுவலகக் கடிதத்திலும், வாடகை ஒப்பந்தத்திலும், மாடிப்படியிலும், நோயாளியின் வாயிலிருந்தும் வரும். அதனால் பாடப்புத்தக வரிசையை ஓரமா வைங்க. அடுத்த வாரம் என்ன வேலை இருக்கோ, அதற்கான பத்து வார்த்தையை இந்த வாரம் படிங்க. வீடு பார்க்கப் போறீங்களா, வீட்டு வார்த்தை. டாக்டரைப் பார்க்கணுமா, உடம்பு வார்த்தை.

இன்னொரு குறிப்பு: ஜெர்மன் வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில்தான் கொடுத்திருக்கிறோம். காதுக்கு ஓரளவுதான் கிட்ட வரும். போனில் மொழிபெயர்ப்பு செயலியைத் திறந்து, ஒலிபெருக்கிக் குறியைத் தட்டி ஒருதரம் கேட்டுக்கோங்க.

பதிவும் தபால் பெட்டியும்

வீட்டில் குடியேறிய 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்யணும். இதற்குப் பெயர் ஆன்மெல்டுங். நகராட்சியின் குடிமக்கள் அலுவலகத்தில், அதாவது ப்யூர்கர்ப்யூரோவில் செய்யணும். முன்பதிவு நேரம், டெர்மீன், இணையத்தில் எடுத்துவிட்டுப் போறது நல்லது. நேரம் உடனே கிடைக்காவிட்டால் முயற்சி செய்ததற்கான ஸ்கிரீன்ஷாட்டை வைத்திருங்க.

கையில் பாஸ்போர்ட் இருந்தால் மட்டும் போதாது. வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட ஒரு தாளும் வேணும். அதன் பெயரைக் கேட்டாலே தலை சுத்தும்: வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். பயப்பட வேண்டாம், பிரிச்சுப் பாருங்க. வோனுங் என்றால் வீடு. கேபர் என்றால் கொடுப்பவர். பெஷ்டேட்டிகுங் என்றால் உறுதிச்சான்று. வீடு கொடுத்தவர் உறுதிச்சான்று, அவ்வளவுதான். நம்ம தமிழிலும் தொகைச்சொல்லை இதே வரிசையில்தான் கட்டுகிறோம். நீளமான ஜெர்மன் சொல்லைப் பார்த்தால் கடைசித் துண்டை முதலில் பிடிங்க. அது என்ன பொருள் என்பதைக் கடைசித் துண்டு சொல்லும், முன்னாடி இருப்பதெல்லாம் விவரம். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி கடிதம் புரிஞ்ச மாதிரி.

பதிவு முடிந்ததும் 11 இலக்க வரி எண் வரும். ஈமெயிலில் இல்லை, எஸ்.எம்.எஸ்ஸில் இல்லை, தபாலில். வங்கி அட்டை ஒரு தபாலில், அதன் பின் நம்பர் தனியா இன்னொரு தபாலில். மருத்துவக் காப்பீட்டு அட்டையும் தபாலில்தான். ஆதாரும் ஓ.டி.பி.யும் பழகிய நமக்கு இது பழைய காலம் மாதிரி தெரியும். ஆனால் அங்கே தபால் பெட்டிதான் உங்க இன்பாக்ஸ்.

இங்கே ஒரு சின்ன விஷயம் பெரிய சிக்கலாகும். அங்கே அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். உங்க பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். வரி எண் திரும்பிப் போனால் சம்பளத்தில் அதிக விகிதத்தில் வரி பிடிக்க வாய்ப்பு உண்டு. பிறகு சரிசெய்து திரும்பத் தருவாங்க என்றாலும், முதல் மாதச் சம்பளத்தை நம்பி ஊருக்குப் பணம் அனுப்பக் காத்திருக்கும் வீட்டில் அது பெரிய இடி. சாவி வாங்கிய அன்றைக்கே ஒரு தாளில் பெயரை எழுதி தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டுங்க. வேறொருவர் வீட்டில் ஒரு அறையில் தங்கியிருந்தாலும் இதே கதைதான்.

எந்தப் பெயர்? நம்ம ஊர் இனிஷியல் முறையில் வந்தவங்களுக்குக் குழப்பமே இங்கேதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன இருக்கோ அதுதான் அங்கே உங்க பெயர். பல பேருக்கு அது அப்பா பெயர். அப்பா பெயர் முருகேசன் என்றால் மகளுக்கு "ஃப்ராவ் முருகேசன்" என்றுதான் கடிதம் வரும், வார்டில் அப்படித்தான் கூப்பிடுவாங்க. ஃப்ராவ் என்றால் திருமதி, செல்வி எல்லாத்துக்கும் பொது. முதல் வாரம் யாரையோ கூப்பிடுறாங்க என்று திரும்பிப் பார்க்காமல் இருப்பீங்க, பழகிடும். ஆனால் ஒப்பந்தம், வங்கி, தபால் பெட்டி மூன்றிலும் ஒரே எழுத்து வரிசை இருக்கட்டும்.

கடிதத்தில் எந்த வார்த்தையைத் தேடணும்

முழுக் கடிதத்தையும் புரிந்துகொள்ள முயற்சி பண்ணி மலைத்துப் போறதைவிட, ஐந்தாறு வார்த்தைகளைக் கண்ணால் தேடிப் பழகுங்க.

ஃப்ரிஸ்ட் என்றால் கெடு. இந்த வார்த்தையோ, "பிஸ் ட்ஸும்" என்ற தொடருக்குப் பின் ஒரு தேதியோ இருந்தால் அதை உடனே போன் காலண்டரில் போடுங்க. "பிஸ் ட்ஸும்" என்றால் "இந்தத் தேதிக்குள்". ரெஷ்னுங் என்றால் பில். மானுங் என்றால் பில்லைக் கட்டாததற்கு வரும் நினைவூட்டல், பெரும்பாலும் கூடுதல் கட்டணத்தோடு வரும். க்யூண்டிகுங் என்றால் ரத்து. வேலை, வீடு, சிம் கார்டு, ஜிம் எதுவானாலும் முடித்துக்கொள்வதற்கு இந்த ஒரே வார்த்தைதான்.

பெஷைட் என்றால் அரசு அலுவலகத்தின் முடிவு. கடைசிப் பக்கத்தில் வீடர்ஷ்ப்ருஹ் என்ற வார்த்தை இருக்கும், ஆட்சேபம் என்று பொருள். பொதுவா ஒரு மாதம் அவகாசம். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று அலமாரியில் வைத்தால் தவறான முடிவுகூட உறுதியாகிவிடும். மஞ்சள் உறையில் வந்த கடிதம் என்றால் கூடுதல் கவனம். பெட்டியில் போட்ட தேதியைத் தபால்காரர் உறையின் மேலேயே எழுதியிருப்பார். கெடு அந்தத் தேதியிலிருந்து ஓடும், நீங்க பிரித்த நாளிலிருந்து இல்லை. உறையைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

குடியேறிய சில வாரத்தில் ஒளிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். "எங்க வீட்டில் டிவியே இல்லையே, ஏதோ மோசடி" என்று கிழித்துப் போடத் தோணும். மோசடி இல்லை. மாதம் 18.36 யூரோ, ஆளுக்கு இல்லை, ஒரு வீட்டுக்கு. நாலு பேர் சேர்ந்து தங்கியிருந்தால் ஒருத்தர் கட்டினால் போதும், மற்றவங்க அந்த எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்பணும். அதற்கும் பதில் அனுப்பணும் என்பதுதான் முக்கியம்.

போன் கேமராவைக் கடிதத்தின் மேல் பிடித்தால் கூகுள் டிரான்ஸ்லேட் தமிழிலேயே காட்டும். சாரம் பிடிக்க இது போதும். கையெழுத்துப் போடும் அளவுக்குப் போதாது. சட்டச் சொற்களை அது தப்பா மாற்றும் நேரங்கள் உண்டு. சந்தேகம் வந்தால் குடியேறியவர்களுக்கான இலவச ஆலோசனை மையங்கள் இருக்கு. காரிட்டாஸ், டியாகோனி போன்ற அமைப்புகள் நடத்துபவை, கூட்டாட்சி அரசின் நிதியில் இயங்குபவை. எம்பியோன் என்ற செயலியில் அந்த ஆலோசகர்களுக்கு சாட் மூலமும் எழுதலாம். ஸ்டுட்கார்ட் நகரின் வெல்கம் சென்டர் சார்லட்டன்பிளாட்ஸில் இருக்கு, வேலைக்கு வருபவர்களுக்கு ஆங்கிலத்திலும் வழிகாட்டுவாங்க.

தமிழ் கைகொடுக்கும் இடமும் காலைவாரும் இடமும்

ஆங்கிலம் வழியா ஜெர்மன் படிக்கிறவங்க தடுமாறும் ஒரு இடத்தில் நமக்கு வசதி. "காய்ச்சல் இருக்கிறதால வீட்டில் இருக்கேன்" என்பதைப் பாருங்க: "இஷ் ப்ளைபெ ட்ஸு ஹௌஸெ, வைல் இஷ் ஃபீபர் ஹாபெ." வைல் (ஏனென்றால்) வந்துவிட்டால் அந்தப் பகுதியின் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். தமிழில் வினை எப்போதும் கடைசியில்தானே? வைல், தஸ், வென் போன்ற சொற்கள் வந்ததும் "இனி தமிழ் மாதிரி" என்று நினைச்சுக்கோங்க. கேட்கும்போதும் அப்படியே, வாக்கியம் முடியும்வரை காத்திருக்கணும். "இல்லை" என்பதுகூடப் பல நேரம் கடைசிப் பக்கம்தான் வரும்.

நீங்க, நீ என்ற வித்தியாசமும் அங்கே உண்டு: ஸீ, டூ. நோயாளிக்கு, அலுவலருக்கு, பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ஸீ. கூட வேலை செய்யறவங்க பெரும்பாலும் டூ என்றே கூப்பிடுவாங்க. யார் முதலில் டூ சொல்றது என்பதைப் பெரியவர் அல்லது மேலதிகாரி தொடங்கட்டும். ஆனால் ஒரு வித்தியாசம். நாம அப்பா அம்மாவை நீங்க என்போம், அவங்க வீட்டுக்குள்ள தாத்தா பாட்டி உட்பட எல்லாருக்கும் டூதான். அதில் மரியாதைக் குறைவு இல்லை.

எண்கள் காலைவாரும். 48 என்பதை "எட்டும் நாற்பதும்" என்று சொல்வாங்க: அஹ்ட்-உண்ட்-ஃபீர்ட்ஸிஷ். முதலில் காதில் விழுந்த 8-ஐ முதலில் எழுதினால் 84 ஆகிவிடும். வார்டில் மருந்தளவு, ரத்த அழுத்தம் குறிக்கும்போது இது விளையாட்டு இல்லை. கேட்டதை ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லுங்க: "ஃபீர், அஹ்ட்?" யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. அங்கேயே பிறந்து வளர்ந்தவங்களும் தொலைபேசி எண்ணைச் சரிபார்க்க இப்படித்தான் செய்வாங்க.

நேரம் இன்னும் மோசம். ஹல்ப் ட்ரை என்று சொன்னால் "அரை, மூணு, சரி மூணரை" என்று கணக்குப் போட்டு ஒரு மணி நேரம் தாமதமாகப் போவோம். உண்மையில் அது இரண்டரை. மூணாவது மணி பாதி ஓடியிருக்கு என்று அர்த்தம். ஜெர்மனி முழுக்க இப்படித்தான். ஸ்டுட்கார்ட் பக்கம் இன்னொரு படி மேலே போய், ஃபீர்ட்டெல் ட்ரை என்பாங்க. மூணேகால் இல்லை, இரண்டேகால்: மூணாவது மணியில் கால் பங்கு. ட்ரைஃபீர்ட்டெல் ட்ரை என்றால் இரண்டே முக்கால். தர்க்கம் சரிதான், நம்ம மண்டையில்தான் ஏறாது. டாக்டர் டெர்மீன், வீடு பார்க்கும் நேரம் எதுவானாலும் 24 மணி முறையில் எண்ணாகச் சொல்லி உறுதிப்படுத்துங்க, இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்க.

வீடும் மாடிப்படியும்

வீட்டு விளம்பரத்தில் கல்ட்மீட்டெ என்றால் வெறும் வாடகை. வார்ம்மீட்டெ என்றால் சூடாக்கும் செலவு, தண்ணீர், குப்பை போன்றவையும் சேர்த்தது. மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் இதிலும் வராது. முன்பணம், கவுட்ஸியோன், அதிகபட்சம் 3 மாத வெறும் வாடகைதான். அதையும் மூன்று தவணையில் கட்ட உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. வீட்டைப் பார்க்காமலே பணம் கேட்டு, சாவியைத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னால் பேச்சை அங்கேயே முடிங்க. காலியான வீட்டில் சமையலறை மேடை, சிங்க், அடுப்பு எதுவுமே இல்லாமல் வெறும் சுவராக இருப்பதும் அங்கே சகஜம். அமைத்த சமையலறை வேணும் என்றால் விளம்பரத்தில் ஐன்பௌக்யூஹெ என்ற சொல்லைத் தேடுங்க.

காலி செய்யணும் என்றால் 3 மாத முன்னறிவிப்பு, அதுவும் கையெழுத்திட்ட தாளில். வாட்ஸப் செய்தி செல்லாது.

இனி ஸ்டுட்கார்ட்டுக்கே உரிய விஷயம்: கேர்வோஹெ, அதாவது கூட்டும் வாரம். ஒரு நாள் வேலை முடிந்து வந்தால் உங்க கதவுக் கைப்பிடியில் ஒரு சின்ன அட்டை தொங்கும். இந்த வாரம் உங்க முறை என்று அர்த்தம். உங்க தளத்து மாடிப்படியைக் கூட்டித் துடைக்கணும். முறை பெரியது என்றால் வாசல், நடைபாதை, குப்பைத் தொட்டி இடம் எல்லாம் சேரும். பனி பெய்தால் காலையிலேயே நடைபாதையைச் சுத்தம் செய்யணும், யாராவது வழுக்கி விழுந்தால் கேள்வி உங்களிடம் வரும். இந்தப் பழக்கத்தின் வேர் 1492ஆம் ஆண்டு நகர ஒழுங்குமுறை வரை போகிறதாம். இன்றைக்கு அது வாடகை ஒப்பந்தத்திலும் வீட்டு விதிகளிலும் உயிரோடு இருக்கு. உங்க ஒப்பந்தத்தில் இருக்கா என்று கையெழுத்துக்கு முன்னாடியே பாருங்க. பல கட்டடங்களில் இப்போது ஆள் வைத்துச் செய்கிறாங்க, அதற்கான பணம் மாதக் கட்டணத்தில் சேர்ந்துவிடும்.

காலையில் வாசல் தெளித்துக் கூட்டும் ஊரிலிருந்து போறவங்களுக்கு வேலை ஒன்றும் புதுசில்லை. என் கருத்தில், ஜெர்மன் பேசிப் பழக இதைவிட நல்ல இடமும் இல்லை. வகுப்பில் கிடைக்காத பக்கத்து வீட்டுக்காரர் துடைப்பத்தோடு இருக்கும் உங்களைப் பார்த்ததும் நின்று பேசுவார். முதல் வாரத்திலேயே கதவைத் தட்டி, "கூட்டென் டாக், இஷ் பின் நொய் ஹியர் இம் ஹௌஸ்" என்று சொல்லுங்க. நான் இந்த வீட்டுக்குப் புதுசு என்று பொருள். பிறகு, "வீ ஃபுங்க்ட்ஸியோனீர்ட் தஸ் மிட் டெர் கேர்வோஹெ?" கூட்டும் வாரம் எப்படி நடக்குது என்ற கேள்வி. இந்தக் கேள்விக்கு அவங்க சொல்லும் பதில் குறைந்தது பத்து நிமிஷம் ஓடும், அத்தனையும் இலவசப் பாடம்.

குப்பையைத் தாள், உணவுக் கழிவு, பொதி உறை, மீதி என்று பிரிக்கணும். தொட்டி நிறம் ஊருக்கு ஊர் மாறும், அதனால் நிறத்தை நம்பாமல் மேலே எழுதியிருப்பதைப் படிங்க. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் வைப்புத்தொகை உண்டு, கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம், ஞாயிறு முழுக்கவும் அப்படித்தான். ஞாயிறு கடைகளும் மூடியிருக்கும், சனிக்கிழமையே அரிசி பருப்பு வாங்கிடுங்க.

'ஃபூஸ்' என்றால் பாதம் மட்டும்தானா?

பி2 வரை படித்துவிட்டுப் போன நர்ஸ்கூட முதல் வாரம் வார்டில் திகைப்பதற்குக் காரணம் இந்த ஊர்ப் பேச்சு. பெயர் ஷ்வேபிஷ். புத்தக ஜெர்மன் சென்னை செய்தி வாசிப்பு என்றால், இது நெல்லைப் பாட்டி பேச்சு. பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநில அரசே 1999இல் தொடங்கிய விளம்பரத்தில், எங்களுக்கு எல்லாம் வரும், சுத்தமான ஜெர்மனைத் தவிர என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டது.

நிஷ்ட் (இல்லை) என்பது நெட் ஆகும். இஷ் ஹாபெ என்பது ஈ ஹான் ஆகும். எதையும் செல்லமாகச் சிறிதாக்க கடைசியில் லெ ஒட்டும். ஹௌஸ் வீடு, ஹொய்ஸ்லெ குட்டி வீடு. இதெல்லாம் ஒரு மாதத்தில் காதுக்குப் பழகிடும். ஆபத்து இருப்பது, தெரிந்த வார்த்தைக்கு வேறு பொருள் இருக்கும் இடங்களில்.

புத்தகத்தில் ஃபூஸ் என்றால் பாதம். ஸ்டுட்கார்ட் தாத்தா ஃபூஸ் வலிக்குது என்றால் அது தொடையாகவும் இருக்கலாம், இடுப்பிலிருந்து கீழே முழுக்க அவருக்கு ஃபூஸ்தான். நமக்கு இது சுலபமாகப் புரியணும், நாமும் "கால் வலி" என்று சொல்லிவிட்டு டாக்டர் "எங்கே?" என்று கேட்கக் காத்திருப்பவங்கதானே. அதே கேள்வியைக் கேளுங்க: "வோ கெனௌ?" சரியா எந்த இடம்? கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்க: "ட்ஸைகென் ஸீ பிட்டெ."

ஹேபென் என்றால் புத்தகத்தில் தூக்குவது. இங்கே பிடித்துக்கொள்வது. ஒரு நோயாளியைப் புரட்டும்போது கூட வேலை செய்பவர் ஹேபென் என்று சொன்னால், பிடித்துக்கொள்ளச் சொல்கிறாரா தூக்கச் சொல்கிறாரா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்க. டெப்பிஷ் என்றால் புத்தகத்தில் தரைவிரிப்பு. இங்கே கட்டிலில் இருக்கும் பாட்டி குளிருது, டெப்பிஷ் கொடு என்றால் அவர் கேட்பது போர்வை. ஷ்ப்ரிங்கென் என்றால் குதிப்பது இல்லை, ஓடுவது.

இந்த வார்த்தைகளையெல்லாம் நீங்க பேச வேண்டிய அவசியம் இல்லை. புரிந்தால் போதும், பதிலைப் புத்தக ஜெர்மனில் சொல்லுங்க. "எனக்குப் புரியலை, கொஞ்சம் மெதுவா" என்பதைத் தயங்காமல் சொல்லணும்: "பிட்டெ லாங்ஸாமர்." புரியாமலே யா, யா என்று தலையாட்டுவதுதான் மோசமான பழக்கம். மரியாதைக்காக நாம அப்படிச் செய்வோம், அங்கே அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வாங்க.

உங்களுக்கே உடம்பு சரியில்லை என்றால் பணி தொடங்கும் முன்பே போன் செய்யணும்: "இஷ் முஸ் மிஷ் க்ராங்க்மெல்டென்." 3 நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவச் சான்று கட்டாயம், முதல் நாளே கேட்கும் ஒப்பந்தங்களும் உண்டு. அவசரத்துக்கு 112, போலீஸ் 110. இரவிலோ விடுமுறையிலோ டாக்டர் வேணும், ஆனால் உயிராபத்து இல்லை என்றால் 116117.

எங்கே படிப்பது, எதற்காகப் படிப்பது

போவதற்கு முன்பும் போன பிறகும் போனிலேயே படிக்க டாய்ச்ச வெல்லெயின் நீகோஸ் வேக் என்ற இலவசப் பாடம் இருக்கு. பை தொலைந்து ஜெர்மனியில் வந்து நிற்கும் இளைஞனின் கதையாக ஏ1 முதல் பி1 வரை போகும். ஃபோல்க்ஸ்ஹோஹ்ஷூலெ என்ற மக்கள் கல்விக்கூடங்களின் கற்றல் தளமும் இலவசம். ஸ்டுட்கார்ட்டில் அந்தக் கல்விக்கூடம் ரோட்டெப்யூல்பிளாட்ஸில் இருக்கு, மாலை வகுப்புகளும் நடக்கும். அரசு ஆதரவில் நடக்கும் ஒருங்கிணைப்பு வகுப்பு பொதுவா 600 பாட நேரம் மொழி, 100 பாட நேரம் நாட்டைப் பற்றிய அறிமுகம், இலக்கு பி1. பி2வுக்கும் தொழில் சார்ந்த மொழிக்கும் தனி வகுப்புகள் உண்டு. உங்க அனுமதி வகைக்கு எது கிடைக்கும் என்று வெல்கம் சென்டரில் கேளுங்க. மைலேண்டர் பிளாட்ஸில் இருக்கும் வெள்ளைக் கனசதுர நகர நூலகத்தையும் ஒருதரம் பாருங்க. 2011இல் திறந்தது, நூலகம் என்ற சொல் நான்கு சுவரில் நான்கு மொழியில் இருக்கும். உட்கார்ந்து படிக்கக் காசு வேண்டாம்.

மொழிக்குப் பின்னால் நேரடியான பலன் இருக்கு. நர்ஸ் தகுதிக்கு முழு அங்கீகாரம் பெற பொதுவா பி2 வேணும். அந்த மாநிலத்தில் இதை முடிவு செய்வது ஸ்டுட்கார்ட் மண்டல நிர்வாகம். அங்கீகாரம் வரும்வரை உதவியாளர் நிலையில்தான் வேலை, சம்பளமும் அதற்கேற்பத்தான். பயிற்சிக் காலமா, அறிவுத் தேர்வா என்பது உங்க படிப்பை அவங்க எப்படி மதிப்பிடுறாங்க என்பதைப் பொறுத்தது. ப்ளூ கார்டில் இருக்கும் பொறியாளருக்கு, மற்ற நிபந்தனைகள் சரியா இருந்தால், ஏ1 மட்டும் இருந்தால் 27 மாதத்திலும், பி1 இருந்தால் 21 மாதத்திலும் நிரந்தர வசிப்பு அனுமதி கிடைக்கும். ஆபீஸில் ஆங்கிலமே போதும் என்று இருப்பவங்க அந்த 6 மாத வித்தியாசத்தை யோசிக்கணும். மனைவியோ கணவனோ பிறகு சேர வருவதாக இருந்தால் பெரும்பாலும் ஏ1 தேவை, ப்ளூ கார்டு குடும்பத்துக்கு விலக்கு உண்டு. விலக்கு இருந்தாலும் படிச்சுட்டு அனுப்புங்க. வேலைக்குப் போறவருக்காவது ஆபீஸ் இருக்கும், வீட்டில் தனியா இருப்பவருக்கு ஜெர்மன் தெரியாவிட்டால் நாள் நகராது.

1980களிலிருந்தே ஈழத்தமிழர் பெருமளவில் குடியேறிய நாடு அது. பல ஊர்களில் தமிழ் வார இறுதிப் பள்ளிகளும் கோயில்களும் கடைகளும் இருக்கு. முதல் மாதத்தில் அந்தத் துணை பெரிய பலம், தேடிப் போங்க. அலுவலகத்துக்கு யாராவது ஒருத்தர் துணைக்கு வந்தால், அவர் பேசும்போது நீங்க வேடிக்கை பார்க்காமல் எந்த வார்த்தை திரும்பத் திரும்ப வருது என்று குறிச்சுக்கோங்க. அடுத்த முறை நீங்களே போக அது உதவும்.

இன்னும் கிளம்பாதவங்களுக்கு: தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் ஜெர்மனிக்கான நர்ஸ் பணி, மொழிப் பயிற்சி அறிவிப்புகளைப் பாருங்க. தனியார் முகவர் வழியா போவதாக இருந்தால் அவர் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்க. சென்னையில் மேக்ஸ் முல்லர் பவன் என்ற பெயரில் இயங்கும் கோதே நிறுவனத்தில் வகுப்பும் தேர்வும் உண்டு. ஸ்டுட்கார்ட்டில் இருப்பவர்களுக்கான இந்தியத் துணைத் தூதரகம் முனிச்சில் இருக்கு.

பயிற்சி

கீழே உள்ளவற்றைப் படித்துவிட்டு, விடையைப் பார்க்காமல் என்ன செய்வீங்க என்று எழுதிப் பாருங்க.

1. கடிதத்தில் ஒரு வரி: "பிட்டெ யூபர்வைஸென் ஸீ டென் பெட்ராக் பிஸ் ட்ஸும் 15. மெர்ட்ஸ்."

2. வீடு காட்டுபவர் போனில்: "மோர்கென் உம் ட்ரைஃபீர்ட்டெல் ஸெக்ஸ்."

3. வார்டில் ஒரு தாத்தா: "மையின் ஃபூஸ் டூட் வே."

விடை: 1. மார்ச் 15க்குள் தொகையை வங்கி வழியா அனுப்பணும், காலண்டரில் 12ஆம் தேதிக்கே நினைவூட்டல் போடுங்க. 2. நாளைக்கு ஐந்தே முக்கால், 17.45 தானே என்று கேட்டு உறுதிப்படுத்துங்க. 3. பாதத்தை மட்டும் பார்த்துவிட்டுக் குறிப்பு எழுதாதீங்க, "வோ கெனௌ?"